சோத்தாங்கைப் பக்கத் தகடு

வீட்டில் அவளுக்குத் 'திசைகாட்டி' என்று பெயர். வைத்தவன் தம்பி. பெயரை நம்பி அவளிடம் வழி கேட்டவர்கள் ஊரை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து, அவளை விட்டுவிட்டுத் தம்பியைத்தான் பிடித்துத் திட்டுவார்கள்.

இடது எது, வலது எது என்பது அவளுக்குப் பிடிபடவே இல்லை. மூளையில் ஒரு குறையும் கிடையாது. கணக்கில் புலி. ஒருமுறை பார்த்த முகத்தை மறக்கமாட்டாள். ஆனால் "வலது பக்கம் திரும்பு" என்று யாராவது சொன்னால் ஒரு கணம் அப்படியே நிற்பாள். அந்த ஒரு கணத்துக்குள் மண்டைக்குள்ளே ஒரு பட்டிமன்றமே நடந்து முடியும். தீர்ப்பு பெரும்பாலும் தப்பாகத்தான் வரும்.

இதற்கு முழுப் பொறுப்பையும் அவளுடைய அம்மா ஏற்றுக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடம் அனுப்புவதற்கு முன்னால் அம்மா சுலபமான வழியில் சொல்லிக்கொடுத்தாளாம்: "எந்தக் கையால சாப்பிடறியோ அது சோத்தாங்கை. அதுதான் வலது. இன்னொண்ணு நொட்டாங்கை." குழந்தை நேர்மையாக இடது கையைத் தூக்கிக் காட்டியது. அது அந்தக் கையால்தானே சாப்பிட்டுக்கொண்டிருந்தது! அம்மா பதறிப்போய்க் கையை மாற்றிப் பழக்கினாள். சாப்பாடு ஒரு கைக்குப் போயிற்று. பென்சில் பழைய கையிலேயே தங்கிவிட்டது. கத்தரிக்கோல் நாளுக்கொரு கை. அடையாளத்துக்கு மணிக்கட்டில் ஒரு நூலைக் கட்டிவிட்டாள். குளிக்கும்போது நூல் கழன்றது. திரும்பக் கட்டலாம் என்று வந்தபோது அது எந்தக் கையில் இருந்தது என்று பிள்ளைக்கும் தெரியவில்லை, அதற்குள் அம்மாவுக்கும் சந்தேகம் வந்துவிட்டது.

"தெளிஞ்ச தண்ணியில இறங்கிக் கலக்கிவிட்டவ நான்தான்" என்பாள் அம்மா, பிற்பாடு.

இப்படிப்பட்டவள் படித்து முடித்துச் சேர்ந்த வேலையோ, இரும்புச் சட்டகக் கட்டடங்களுக்குக் கணக்குப் போட்டு வரைபடம் தயாரிக்கும் வேலை. மூக்குக் கண்ணாடிக் கடைக்கு மேலே மாடியில் அலுவலகம். படி ஏறினால் முதலில் கண்ணில் படுவது சுருட்டிச் சுருட்டி வைத்த பழைய வரைபடங்கள், அப்புறம்தான் மனிதர்கள். நடத்துபவரை எல்லாரும் 'பெரிய சார்' என்பார்கள். ஆள் குள்ளம்.

அங்கே இருந்த மற்றவர்களுக்கெல்லாம் முழுக் கட்டடத்தின் மேல்தான் கண். எத்தனை மாடி, எவ்வளவு உயரம், காற்றில் எவ்வளவு அசையும், இதெல்லாம் பேசுவதற்கே கம்பீரமாக இருக்கும். பீமும் தூணும் சந்திக்கிற இடத்தில் என்ன தகடு, எத்தனை போல்ட் என்பது கடைசியில் மிஞ்சுகிற வேலை. பந்தியில் கடைசியாக உட்கார்ந்தவள் என்பதால் அது அவளுக்கு வந்தது. வந்தது அவளுக்குப் பிடித்தும் போயிற்று.

காரணம், அவள் சுபாவத்திலேயே பயந்தாங்கொள்ளி. பூட்டிய பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு, தெருமுனை வரை போய், திரும்பி வந்து இன்னொரு தரம் இழுத்துப் பார்க்கிற ரகம். அந்தக் குணத்துக்கென்றே செய்தது போல இருந்தது இந்த வேலை. தளத்தின் பாரமும் அதன்மேல் நடமாடுகிற மனிதர்களின் பாரமும் சேர்ந்து பீமின் முனைக்கு வரும்; அங்கே தூணோடு பற்றவைத்த உள்ளங்கை அகலத் தகடு ஒன்றும் நாலைந்து போல்ட்டும்தான் அத்தனையையும் வாங்கித் தூணிடம் ஒப்படைக்க வேண்டும். அது எப்படியெல்லாம் கெட்டுப்போகலாம் என்று உட்கார்ந்து யோசிப்பதுதான் அவள் பிழைப்பு. கரும்பை வெட்டியது போலப் போல்ட் துண்டாகலாம். போல்ட் தாங்கினால் ஓட்டை நீண்டு கிழியலாம். ஓட்டை தாங்கினால், ஓட்டை வரிசையோடு பீமின் ஓரம் தபால்தலை கிழிகிற மாதிரி ஒரு துண்டாகப் பிய்ந்து வரலாம். எல்லாம் தாங்கினால் வெல்டிங் காலை வாரலாம். ஒவ்வொன்றையும் கற்பனை செய்து, ஒவ்வொன்றுக்கும் பயந்து, ஒவ்வொன்றுக்கும் கணக்குப் போட்டு வாயை அடைத்துவிட்டுத்தான் எழுந்திருப்பாள். அன்றைக்குத் தூக்கம் நன்றாக வரும்.

"அப்போ நல்லா இறுக்கி வெல்டிங் வச்சு ஒட்டிட வேண்டியதுதானே? எதுக்கு இவ்ளோ யோசனை?" என்று கேட்டாள் அம்மா.

"அப்படியெல்லாம் இறுக்கக் கூடாதும்மா. பாரம் ஏறினா பீம் நடுவுல லேசா வளையும். முனை துளி அசைஞ்சு கொடுக்கணும். விழாமப் பிடிக்கணும், ஆனா கழுத்தைப் பிடிக்கக் கூடாது."

"இதை உங்கப்பாவுக்கு யாராவது அப்பவே சொல்லிக்கொடுத்திருக்கலாம்" என்றாள் அம்மா. செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து அப்பா இருமினார்.

இடது வலது பிரச்சினையை அலுவலகத்தில் அவள் தன் போக்கில் சமாளித்தாள். அந்த இரண்டு வார்த்தையையும் வாயில் எடுப்பதே இல்லை. வரைபடத்தில் வடக்கு, தெற்கு என்று எழுதினாள். பேச்சில் ஜன்னல் பக்கம், கதவுப் பக்கம் என்றாள். கொஞ்ச நாளில் அலுவலகம் முழுக்க அப்படியே பேசப் பழகிவிட்டது. வெளியிலிருந்து வந்த ஒரு கட்டட உரிமையாளர், "ஜன்னல் பக்கத் தூணுக்குப் பாரம் ஜாஸ்தி" என்று பேசிக்கொள்வதைக் கேட்டுவிட்டு, "என் கட்டடத்துல அந்தப் பக்கம் ஜன்னலே கிடையாதேங்க?" என்று கவலைப்பட்டுப் போனார்.

கார் ஓட்டக் கற்றுக்கொண்டால் இந்தக் குறை தீரும் என்று யாரோ சொன்னார்கள். அந்த யாரோ நன்றாக இருக்கட்டும். அவள் போய்ச் சேர்ந்தது இரண்டு தெரு தள்ளியிருந்த டிரைவிங் ஸ்கூலில். ஒல்லியான, சிரித்த முகமுள்ள ஓர் ஆள்தான் அங்கே முதலாளி, ஆசிரியர், காரைக் கழுவுகிறவர் எல்லாம். முதல் பாடத்திலேயே அவர் "இடது பக்கம் திரும்புங்க" என்றார். அவள் திருப்பிய திருப்பில் கார் ஒரு மரக்கடைக்குள் நுழைந்து, அடுக்கி வைத்திருந்த பலகைகளுக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. நின்றது அவர் பக்கத்துப் பிரேக்கின் புண்ணியம்.

மனிதர் சத்தம் போடவில்லை. அதற்குப் பிறகு பேச்சை நிறுத்திவிட்டு விரலால் மட்டும் காட்டினார். விரல் காட்டிய பக்கமெல்லாம் அவள் தப்பாமல் திரும்பினாள்.

"உங்களுக்கு ஒரு கோளாறும் இல்லைங்க. வார்த்தைதான் வம்பு பண்ணுது. கை சொன்னா அழகாப் போறீங்க" என்றார்.

"அதுக்காக வாயைத் திறக்காமலேயே கத்துக்கொடுப்பீங்களா?"

"எவ்வளவு நாள் வேணும்னாலும்" என்று சொல்லிவிட்டு, சொன்னதன் பொருள் தனக்கே அப்புறம்தான் உறைத்தது போல, அவர் கண்ணாடியைத் துடைக்க இறங்கிவிட்டார்.

அவரைத்தான் கட்டிக்கொண்டாள். லைசென்ஸ் வாங்கவில்லை. பரீட்சை வைக்கிற அதிகாரி வாயால்தானே உத்தரவு போடுவார்!

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் நூலகக் கட்டட வேலை வந்தது. புத்தகம் பார்க்கத்தான் லேசு. அலமாரி அலமாரியாக அடுக்கினால் ஒரு தளத்தை அமுக்குகிற அமுக்கில் பீமுக்கு மூச்சு முட்டும். அதனால் அந்தக் கட்டடத்தின் இணைப்புகளுக்கு வழக்கத்தைவிட அதிகமாகவே பயந்து, அதிகமாகவே கணக்குப் போட்டு அனுப்பியிருந்தாள்.

தூண்கள் நின்று, பீம் ஏற்றத் தொடங்கிய அன்று காலை, அலுவலகத் தொலைபேசி அடித்தது. அந்த சைட்டில் இரும்பு ஏற்றுகிற வேலைக்கு மேஸ்திரி ஒருவர். அவர் குரலுக்காகவே அவருக்கு 'இடி' என்று பெயர். அவர் பேசினால் தொலைபேசியை ஒரு முழம் தள்ளித்தான் பிடிக்க வேண்டும். பக்கத்து மேஜைக்கும் சேர்த்துக் கேட்கும்.

"மேடம்! உங்க பிளேட்டெல்லாம் பக்கம் மாறி நிக்குது! டிராயிங்ல பீமுக்கு வடக்கால போட்டிருக்கீங்க, இங்க எல்லாம் தெக்கால இருக்கு. பீம் கிரேன்ல தொங்குது. நான் என்ன பண்ணட்டும், தலையில தாங்கிக்கட்டுமா?"

"முதல்ல பீமைக் கீழ இறக்கி வைங்க மேஸ்திரி. நான் வர்றேன்."

தொலைபேசியை வைத்தாள். அலுவலகத்தில் ஒருவரும் அவளைப் பார்க்கவில்லை. ஒருவர் பென்சிலைச் சீவினார், இன்னொருவர் சுவரில் இருந்த காலண்டரை உற்றுப் படித்தார். அவர்கள் சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது அவளுக்கு.

பெரிய சார் அறைக்குப் போய், "என் தப்பாத்தான் சார் இருக்கும்" என்றாள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "டிராயிங்கைப் பார்த்தீங்களா?"

"இல்ல சார்."

"சைட்டைப் பார்த்தீங்களா?"

"இல்ல சார்."

"விசாரணையே தொடங்கல, அதுக்குள்ள கூண்டுல ஏறி நின்னுக்கிட்டா எப்படிம்மா? போய்ப் பார்த்துட்டு வந்து அழுங்க."

வரைபடங்களைச் சுருட்டிக்கொண்டு இறங்கி, கணவருக்குப் போன் போட்டாள். அவர் அப்போது பாடம் நடத்திக்கொண்டிருந்தார். பாடத்தோடேயே வந்து சேர்ந்தார். ஓட்டிக்கொண்டு வந்தது, வேலையிலிருந்து ஓய்வுபெற்று இப்போதுதான் கார் பழகுகிற ஒரு நர்ஸம்மா. முதுகை நேராக நிமிர்த்தி, ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் ஊசி போடப்போகிற குழந்தையைப் பிடிப்பது போலப் பிடித்திருந்தார். ஒரு சைக்கிள் அவர்களைத் தாண்டிப் போயிற்று. அப்புறம் தள்ளுவண்டி ஒன்றும் தாண்டிற்று.

"என்னம்மா, முகமெல்லாம் வெளுத்திருக்கு? எமர்ஜென்சியா?" என்றார் நர்ஸம்மா, கண்ணாடியில் பார்த்து.

"கொஞ்சம் அப்படித்தாங்க."

"முதல்லயே சொல்லக் கூடாதா?" என்று நர்ஸம்மா இரண்டாவது கியருக்கு மாற்றினார். தள்ளுவண்டியை எட்டிப் பிடித்துவிட்டார்கள்.

"அந்தப் பெட்ரோல் பங்க் தாண்டினதும் வலது பக்கம்" என்றாள் அவள், கை இடது பக்கம் நீள. நர்ஸம்மா தடுமாறினார்.

"கையைப் பாருங்கம்மா. அவங்க வாயைக் கேக்காதீங்க" என்றார் கணவர், வெகு நாள் அனுபவத்துடன்.

சைட்டில் கிரேன் சும்மா நின்றது. பீம் மரக்கட்டைகள் மேல் படுத்துக் கிடந்தது. இடி மேஸ்திரி தலைக்கவசத்தைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றார். கிரேன் ஓட்டுபவர் மேலே கூண்டில் உட்கார்ந்து வாழைப்பழம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவளுக்கும் வந்தவர்களுக்கும் தலைக்கவசம் கொடுத்தார்கள். நர்ஸம்மா தன்னுடையதை வாங்கி உட்புறம் சுத்தமாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் போட்டுக்கொண்டார்.

அவள் வரைபடத்தைத் தரையில் விரித்து, நாலு மூலைக்கும் கல் வைத்தாள். தன்னை நம்ப அவளுக்குத் தைரியம் இல்லை. காகிதத்தை ஒரு தரம் சுற்றினாள், நிமிர்ந்து தூண்களைப் பார்த்தாள், மறுபடி சுற்றினாள்.

"அம்மா, சூரியன் எந்தப் பக்கம் இருக்கு? கையால காட்டுங்க" என்றாள். நர்ஸம்மா காட்டினார். காலை வெயில், அப்படியானால் அது கிழக்கு. காகிதத்தின் கிழக்கை அதற்கு நேராக வைத்தாள். இப்போது வடக்கு எது என்பதில் தகராறு இல்லை.

வரைபடம் சரியாகத்தான் இருந்தது. தகடு பீமுக்கு வடக்கே. அவள் எழுந்து போய் முதல் தூணைச் சுற்றிவந்தாள். ஒவ்வொரு தூணின் காலிலும், வடக்கே பார்க்க வேண்டிய முகத்தில், பட்டறையில் ஓர் அடையாளம் கொத்தி அனுப்புவார்கள். குனிந்து பார்த்தாள். அடையாளம் தெற்கே பார்த்துக்கொண்டிருந்தது. அடுத்த தூணிலும் அப்படியே. அந்த வரிசை முழுக்கவும் அப்படியே. அடுத்த வரிசை சரியாக நின்றது. தகடு இடம் மாறவில்லை. ஒரு வரிசைத் தூண்களைத்தான் யாரோ முதுகு திருப்பி நிறுத்தியிருக்கிறார்கள். நாலு பக்கமும் ஒரே மாதிரி பீம் வந்து சேர்கிற தூண்கள் அவை. எப்படி நிறுத்தினாலும் அடிப் போல்ட்டில் சமர்த்தாக உட்கார்ந்துகொள்ளும், காட்டிக்கொடுக்காது.

தப்பு தன்னுடையது இல்லை என்று தெரிந்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே திரும்பினால், இடி மேஸ்திரியும் அதே அடையாளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் முகம் பார்க்கச் சகிக்கவில்லை.

"நான்தானே நிறுத்தினேன்" என்றார். அவ்வளவு மெல்லிய குரல் அவரிடம் இருக்கும் என்று அங்கே யாருக்கும் தெரியாது. "பாதி வேலையில கிரேனை அந்தப் பக்கத்துக்கு மாத்திக்கிட்டோம் மேடம். அங்கேர்ந்து பார்த்து நிறுத்தினேன். எல்லாத்தையும் கழட்டித் திருப்பணுமா?"

"பொறுங்க மேஸ்திரி. திருப்பறது இருக்கட்டும். இப்படியே இருந்தா என்ன கெட்டுப்போகும்னு முதல்ல பார்ப்போம்."

என்ன கெட்டுப்போகும் என்று பார்ப்பதுதானே அவள் வேலை! ஏணியில் ஏறினாள். கணவர் ஏணியின் அடியைப் பிடித்துக்கொண்டார். தகட்டை அளந்தாள், ஓட்டைகளை அளந்தாள், ஸ்பேனர் சுற்ற இடம் இருக்கிறதா என்று கையை விட்டுச் சுழற்றிப் பார்த்தாள். அவள் தேடியது அங்கே இருந்தது.

விஷயம் இதுதான். இந்த வேலைக்கு வந்த புதிதிலேயே அவள் தனக்குள் ஒரு முடிவு எடுத்திருந்தாள். 'என்றைக்காவது ஒரு நாள் நான் பக்கத்தை மாற்றி வரைந்துதான் தொலைப்பேன். அன்றைக்குக் கட்டடம் என்னைக் கைவிடக் கூடாது.' ஆகவே தகடு எந்தப் பக்கம் நின்றாலும் பீமின் செங்குத்தான நடுப்பட்டை தூணின் நட்டநடுவில் வருகிற மாதிரியே தகட்டை வைப்பாள். ஓட்டைகளைப் பீமின் முனையிலிருந்து ஒரே தூரத்தில், இரு பக்கத்துக்கும் பொருந்தும்படி போடுவாள். ஸ்பேனருக்கு இரண்டு பக்கமும் இடம் விடுவாள். யாரிடமும் சொன்னதில்லை. தன் சமர்த்தை நம்பி வரைகிறவர்கள் நடுவில், அவள் ஒருத்தி தன் தடுமாற்றத்தை நம்பி வரைந்துகொண்டிருந்தாள்.

இறங்கி வந்து சொன்னாள்: "ஒண்ணும் கழட்ட வேண்டாம். பிளேட்டு வடக்கே இருந்தா பீம் தெற்கேர்ந்து வந்து ஒட்டும். தெற்கே இருந்தா வடக்கேர்ந்து வந்து ஒட்டும். பீம் நிக்கிற இடம் ஒண்ணுதான். பாரமும் அதேதான்."

"நெஜமாவா மேடம்?"

"கணக்கு பொய் சொல்லாது மேஸ்திரி. நான்தான் சொல்லுவேன், அதுவும் வழி கேட்டா மட்டும்."

ஆனால் இடி லேசில் விடுகிறவர் இல்லை. குரலும் பாதி திரும்பியிருந்தது. "சரி, இந்த வரிசைக்குள்ள இருக்கிற பீமுக்குச் சரி. இங்கேர்ந்து அடுத்த வரிசைக்குப் போற பீம்? இந்த முனையில பிளேட்டு ஒரு பக்கம், அந்த முனையில எதிர்ப்பக்கம். எப்படி மேடம் உள்ள நுழைக்கிறது?"

நியாயமான கேள்வி. அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். கணவர் கையில் நீளமான குடை ஒன்று இருந்தது. மழை வந்தாலும் வராவிட்டாலும் பாடத்துக்குக் கொண்டுபோவார். அதை வாங்கினாள். கணவரையும் நர்ஸம்மாவையும் தூண்களாக எதிரெதிரே நிறுத்தி, ஆளுக்கொரு உள்ளங்கையைத் தகடு போல நீட்டச் சொன்னாள். குடையைச் சற்றுக் கோணலாக நடுவில் கொண்டுவந்து, பூட்டில் சாவியைத் திருப்புவது போல ஒரு திருப்புத் திருப்பினாள். ஒரு முனை ஒருவர் கையில் இப்படி ஒட்டியது, மறு முனை மற்றவர் கையில் அப்படி ஒட்டியது.

"அட!" என்றார் இடி. அந்த 'அட'வில் மேலே இருந்தவர் வாழைப்பழத்தைக் கீழே போட்டார்.

அடுத்த வரிசைக்குப் போகிற பீம் ஏறியது. கிரேனில் கோணலாகத் தொங்கிக்கொண்டு தூண்களுக்கு நடுவே இறங்கியது. இரு முனையிலும் ஆட்கள் கயிறு பிடித்தார்கள். எல்லாரும் மேலே பார்த்தபடி தள்ளி நின்றார்கள். ஒரு கை அகலம் போதாமல் முனை தகட்டில் இடித்துக்கொண்டு நின்றது.

அவசரத்தில் அவள் இத்தனை வருட விரதத்தை மறந்தாள். "மேஸ்திரி, இன்னும் கொஞ்சம் வலது பக்கம்!" என்று கத்தினாள். அவள் மனதில் இருந்தது இடது.

"வலது பக்கம்!" என்று இடி முழங்கினார். அவர் கை இடது பக்கம் காட்டியது.

கிரேன் ஓட்டுகிறவர் எந்தக் காலத்திலும் மேஸ்திரியின் குரலைப் பொருட்படுத்தியதில்லை, கையைத்தான் பார்ப்பார். பீம் இடது பக்கம் நகர்ந்தது. சாவி திரும்பியது போலத் திரும்பி இரண்டு தகட்டிலும் போய் ஒட்டியது. தூண்மேல் ஏறியிருந்த ஆள் ஓட்டைக்குள் போல்ட்டை விட்டார். உறையில் கத்தி நுழைகிற மாதிரி வழுக்கிக்கொண்டு போயிற்று.

எல்லாரும் கை தட்டினார்கள். நர்ஸம்மா மட்டும் தட்டவில்லை. மருந்துச் சீட்டைச் சரிபார்த்தே வாழ்ந்தவர் அல்லவா. "அந்தம்மா வலதுன்னாங்க. நீங்களும் வலதுன்னீங்க. பீம் இடதுல்ல போச்சு?" என்றார்.

அவளும் இடியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

டீ வந்தது. இடி தன் டம்ளரை எடுத்துக்கொண்டு அவளைத் தனியே மணல் குவியலுக்குப் பக்கத்தில் கூப்பிட்டார். "மேடம், ஒண்ணு சொல்றேன். வெளியில போகக் கூடாது."

"சொல்ல வேண்டாம் மேஸ்திரி. எனக்கும் அதே வியாதிதான்."

"உங்களுக்குமா? படிச்சவங்களுக்கும் வருமா இது?"

"படிப்பு வேற டிபார்ட்மென்ட். இது வேற."

"நான் சின்ன வயசுலேர்ந்து இதுக்குத்தான் மேடம் சத்தம் போட்டுப் பழகினேன். சத்தமாச் சொன்னா எவனும் எதிர்க்கேள்வி கேக்க மாட்டான் பாருங்க" என்று சொல்லி, இடி சிரிக்கத் தொடங்கினார். அந்தச் சிரிப்பு கட்டடம் பூராவும் கேட்டது. அவளுக்கும் அடக்க முடியவில்லை. டீ மணலில் சிந்தியது.

போவதற்கு முன் அவள் எல்லாத் தூணையும் ஒன்றுவிடாமல் பார்த்தாள். மாடிப்படிக்குப் பக்கத்தில் ஓர் இடத்தில் மட்டும் ஒரு பக்கம் இடுக்காக இருந்தது. அங்கே போல்ட்டின் தலையை இடுக்குப் பக்கம் விட்டு நட்டை மறுபக்கம் முடுக்கச் சொன்னாள். திரும்பி நிற்கிற தூண்கள் எவை என்று வரைபடத்தில் சிவப்பு மையால் குறித்துக்கொண்டாள்.

அவள் அலுவலகம் திரும்புவதற்குள் இடி முந்திக்கொண்டார். நர்ஸம்மாவின் வேகம் அப்படி. படி ஏறும்போதே தொலைபேசியில் அவர் குரல் கேட்டது: "சார், தூணைத் திருப்பி நிறுத்தினது நான்தான் சார்! மேடம் மேல ஒரு தப்பும் இல்ல! அவங்க போட்ட பிளேட்டு எந்தப் பக்கம் வச்சாலும் உக்காருது சார்!" கண்ணாடிக் கடையில் கண்ணாடி வாங்க வந்தவர்களுக்கும் இந்தச் சேதி தெரிந்துவிட்டது.

பெரிய சார் தொலைபேசியை வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். எழுந்து போய், பழைய வரைபடச் சுருள் ஒன்றை உருவினார். பிரித்துப் பார்த்தார். இன்னொன்றை உருவினார். அதையும் பார்த்தார்.

"எல்லாத்துலயும் இப்படித்தான் போட்டிருக்கீங்க. எவ்வளவு நாளா?"

"முதல் நாள்லேர்ந்து சார்."

"ஒரு வார்த்தை சொல்லலையே?"

"சொன்னா ஏன்னு கேப்பீங்க. காரணம் கொஞ்சம் மானக்கேடு சார்."

பெரிய சார் வாய்விட்டுச் சிரித்தார். பென்சில் சீவியவரும் காலண்டர் படித்தவரும் அவள் மேஜைக்கு வந்து, எப்படிப் போடுகிறாய் என்று கேட்டு உட்கார்ந்தார்கள். அதற்குப் பிறகு அந்த அலுவலகத்தில் எல்லாரும் அப்படித்தான் போடுகிறார்கள். இடி மேஸ்திரி பெயிண்ட் டப்பா ஒன்றைக் கூடவே வைத்துக்கொண்டு, தூண் வந்து இறங்கியதும் வடக்கு முகத்தில் ஆள் உயரத்துக்கு மஞ்சள் பட்டை அடித்துவிடுகிறார். புது வேலை தொடங்கும்போதெல்லாம் போன் போட்டு, "மேடம், நம்ம ஜாதிக்காரங்க யாராவது அங்க புதுசா சேர்ந்திருக்காங்களா?" என்று விசாரிப்பார்.

நூலகம் திறந்து கொஞ்ச நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளும் கணவரும் போனார்கள். புது வார்னிஷ் வாசனை. மேஜைகளில் தலை குனிந்து வாசிக்கிறவர்கள். அலமாரிகள் வயிறு முட்டப் புத்தகம் ஏற்றிக்கொண்டு நின்றன. தூண்களைப் பலகையால் மூடி வெள்ளை அடித்திருந்தார்கள்.

"உன் வேலை எங்கே இருக்கு?" என்று கிசுகிசுத்தார் கணவர்.

"அந்த வெள்ளைக் கூரை இருக்கு பாருங்க, அதுக்கு மேல. ஒண்ணும் தெரியாது."

"எந்த இடம்னாவது காட்டேன்."

அவள் விரலால் காட்டினாள். அவர் தலையை அண்ணாந்து, கழுத்து வலிக்க வலிக்க, ஒன்றுமே இல்லாத வெள்ளைப் பலகையை அப்படி ஒரு பெருமையோடு பார்த்துக்கொண்டு நின்றார். பக்கத்து மேஜைக்காரர் புத்தகத்திலிருந்து நிமிர்ந்து, என்ன பார்க்கிறார் என்று தானும் மேலே பார்த்தார். அவரைப் பார்த்து எதிரே இருந்த இரண்டு பெண்கள். அப்புறம் மூலையில் தூங்கிக்கொண்டிருந்த பெரியவர். கடைசியில் அந்த வாசிப்பறை முழுக்க, நூலகரம்மா உட்பட, அண்ணாந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"ஏதாவது ஒழுகுதா?" என்றார் நூலகரம்மா, கவலையாக.

"இல்லைங்க, நல்லா தாங்குது" என்றார் கணவர்.

அவள் அவர் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு போனாள்.